மூச்சுக்குத் தூக்கிப் பிடித்தது

உள்ளங்கையில் அடிக்கிறது அந்த மூச்சு, சூடாக, கன்று போட்ட மாட்டின் மூச்சைப் போல, கடல்பசு என்று பேர் வைத்தவன் எவனோ, நாங்கள் ஆவுளியா என்போம், இடுப்பளவு தண்ணீரில் நின்று அதன் மூஞ்சியைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன், மூக்குத் துளை இரண்டும் மூடுகின்றன, எனக்கும் மூச்சு நிற்கிறது, திறக்கின்றன, எனக்கும் வருகிறது, மீனாக இருந்தால் தண்ணீரில் விட்டதும் வாலை வீசிப் போயிருக்கும், இது தண்ணீரிலேயே வாழ்ந்து தண்ணீரிலேயே முங்கிச் சாகிற பிறவி, மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும், வரத் தெம்பில்லை, கையை எடுத்தால் கல்லாக இறங்குகிறது.

விடிந்தபோது தண்ணீர் வற்றிய சேற்றில் கிடந்தது, கடல்புல் மேய வந்து மாட்டியிருக்கும், யாரோ கவிழ்த்துப் போட்ட தோணி என்றுதான் நினைத்தேன், சந்தியாகுதான் தொட்டுப் பார்த்து, மச்சான் உசுரு இருக்குடா என்று கத்தினான், கூட வலை இழுக்கிறவன், வாயாடி, பாரஸ்ட்டு ஆபீசுக்குப் போன் போடுவமா என்றான், போடு, நல்லாப் போடு, முன்னே ஒன்று வலையில் செத்துக் கிடந்ததை நேர்மையாகச் சொல்லப்போய்ப் பொழுது சாயும்வரை உட்கார வைத்தானுகளே, கொன்னியா, கறி தின்னியா என்று, அதுக்குள்ள மறந்துட்டியா என்றேன், ஒருத்தனும் போனை எடுக்கவில்லை, எங்களுக்குத் தெரிந்தது தோணி இழுக்கிற வேலை, வாலில் வடத்தைக் கட்டினோம், ஆளாளுக்குத் தோள் கொடுத்து இழுத்தோம், கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை என்று எவன் கேட்டாலும் சொல்வேன், தோணிக்கு வலிக்காது, இதன் வாலடியில் மளுக்கென்றது, அவ்வளவு பெரிய உடம்புக்குள்ளிருந்து கோழிக்குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம், சந்தியாகு வடத்தைப் போட்டுவிட்டு என்னைக் கேட்காமலே போனை எடுத்தான்.

வந்தது மாட்டு டாக்டர், மெகராஜ் பானு என்று ஒரு சின்னப் பிள்ளை, பாரஸ்ட்டு ஆள் வர நேரமாகும் என்று அனுப்பி வைத்தார்களாம், வந்ததும் வராததுமாக வடத்தை அவிழ்க்கச் சொன்னாள், குடத்தோடு வந்த பொம்பளைகளை மூக்கில ஊத்தாதீங்கக்கா, முதுகில ஊத்துங்க என்றாள், எனக்குப் பொறுக்கவில்லை, ஆட்டுக்கு ஊசி போடுற பிள்ளை, கடலைப் பத்தி உனக்கென்ன தெரியும் என்றேன் முகத்துக்கு நேரே, தெரியாது பெரியவரே, இதை நான் படத்துலதான் பார்த்திருக்கேன், திட்டுங்க, திட்டிக்கிட்டே அந்தத் தார்ப்பாயை அடியில தள்ளுங்க என்றாள், உனக்கேத்த ஆளு வந்திருக்கு மச்சான் என்று சந்தியாகு சிரித்தான், அன்றைக்குச் சிரித்தது அது ஒன்றுதான்.

தண்ணீர் ஏறியதும் தார்ப்பாயோடு தூக்கிக் கொண்டுபோய் இறக்கினோம், அதற்குத் துடுப்பு மாதிரிக் கை, அதன் அடியில் டாக்டர் விரலை வைத்து அழுத்தினாள், பால் வந்தது, வெள்ளையாகத் தண்ணீரில் கலந்து போனது, நிமிர்ந்து கடலைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன மூக்கு மேலே வந்து முங்கியது, மறுபடி வந்தது, வாலெலும்பு விட்டுப்போச்சு பெரியவரே, வலிக்கு ஊசி போட்டிருக்கேன், இனி இதால நீந்த முடியாது என்றாள், அப்ப குட்டி, குட்டியைப் பிடிச்சு வளர்க்க முடியாதா என்றேன், எங்க வச்சு, எந்தப் பாலைக் கொடுத்து, எனக்குத் தெரியலையே என்றாள், டாக்டர்னா ஏதாவது சொல்லணும்ல என்று கத்தினேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாங்கிப் பிடிங்க, ஒரு வாயாவது குடிக்கட்டும் என்றாள்.

அன்றையிலிருந்து தூக்கத்தில் தலையணையைத் தூக்கிப் பிடிக்கிறேனாம், கீழ வையிய்யா, அது என்ன முங்கியா போயிரும் என்கிறாள் என் பொண்டாட்டி, அவளுக்குத் தெரியாது, பாய்க்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, வீடு முழுக்கக் கடல்புல் வாசம், குட்டி வருகிறது, என் தொடையில் உரசுகிறது, மீசை முள் குத்துகிறது, துடுப்புக் கையடியைத் தேடிக் கண்டுபிடித்து வாய் வைக்கிறது, இழுக்கிற இழுப்பு தாயின் உடம்பு வழியாக என் தோள்வரை வருகிறது, அப்போதுதான் பார்க்கிறேன், மூக்குத் துளை மூடியிருக்கிறது, திறக்கும் என்று நிற்கிறேன், திறக்கவில்லை, இன்னும் நிற்கிறேன், பெரியவரே மூச்சு இருக்கா என்கிறாள் டாக்டர், இருக்கு என்கிறேன், அவள் தண்ணீரில் நடந்து வந்து அதன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், ஆமா இருக்கு என்று சொல்லித் தானும் இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தாங்குகிறாள், உள்ளங்கை ஜில்லிட்டுப் போகிறது, குட்டி முட்டி முட்டிக் குடிக்கிறது, முட்டுகிறபோதெல்லாம் அந்தப் பெரிய உடம்பு லேசாக அசைகிறது.