நஞ்சுக்கொடியைப் பார்க்கத் தெரிந்தவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அகராதியில் பிறந்தது. வேறெதையோ தேடப்போய் ‘பிளசன்டா’வில் கண் நின்றுவிட்டது. கருவிலிருக்கும் பிள்ளைக்குச் சோறும் மூச்சும் ஊட்டிவிட்டு, பிள்ளைக்குப் பின்னாலேயே வெளியே வந்துவிடும் உறுப்பு. லத்தீனில் அந்தச் சொல்லுக்குத் தட்டையான பலகாரம் என்று பொருளாம். நமக்கு அது நஞ்சுக்கொடி. பலகாரம் எங்கே, நஞ்சு எங்கே! (ஏன் நஞ்சு? உள்ளே தங்கினால் தாயைக் கொன்றுவிடும் என்பதாலா? என் ஊகம்தான், அடித்துச் சொல்லமாட்டேன்.)

2

‘அந்தப் பிரசவ அறையின் வெளிச்சத்தில்…’ வேண்டாம். எல்லாரும் எழுதித் தேய்த்த வெளிச்சம்.

இப்படித் தொடங்குகிறேன். பெண் பிள்ளை பிறந்தாகிவிட்டது, நல்ல குரல். சிஸ்டர் நஞ்சுக்கொடியைத் தட்டில் போட்டு, ரத்தத்தைக் கழுவி, இரண்டு கையாலும் விரித்தார். இருபத்தாறு வருடமாக இதே வேலை. (அவருக்கு ஒரு சோகம் வைக்கலாமா என்று யோசித்தேன். எதற்கு? முட்டிவலி இருக்கிறது, அது போதும்.) டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

“முழுசா இருக்கு சிஸ்டர். எழுதிடுங்க.”

ஓரம் உடையாமல் முழுசாகத்தான் இருந்தது. ஆனாலும் சிஸ்டர் அதைச் சுற்றித் தொங்கிய சவ்வைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார்.

“கொஞ்சம் இங்க பாருங்க டாக்டரம்மா. இந்த ரத்தக்குழாய் சதையை விட்டு வெளிய ஓடுது. ஓடிப்போய் இந்த ஓட்டையில அறுந்து நிக்குது. பாதை இருக்கு, ஊரைக் காணோமே?”

“அதனால?”

“குட்டியா இன்னொரு துண்டு உள்ளயே தங்கிடுச்சுன்னு தோணுது.”

அடேயப்பா, என்ன கண் அது! பலகாரம் என்று பேர் வைத்தவர் நடுவைப் பார்த்தார். கொடி என்றவர் அது எதுவரை ஓடுகிறது என்று பார்த்திருப்பார். சிஸ்டர் எந்த அகராதியையும் புரட்டாமல் இரண்டையும் பார்த்துவிட்டார். எழுதுவதை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டேன்.

3

முடிவு ஒன்று: டாக்டர் எரிந்து விழுந்து… (அடித்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை, பதினாலு மணி நேரமாக நிற்கிறார்.)

இரண்டு: சிஸ்டர் சொன்னது தப்பாகி… கை வரவில்லை.

மூன்று: துண்டு உள்ளேயே தங்கி, வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பெண்ணுக்கு ரத்தம் கொட்டி… இதை நான் செத்தாலும் எழுதமாட்டேன்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். நீங்கள்தான் டாக்டர். கையுறையைக் கழற்றியாயிற்று. ரத்தப்போக்கு இப்போதைக்குக் கொஞ்சம்தான். மறுபடி உள்ளே பார்ப்பதென்றால் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிட வேண்டும், அந்தப் பெண்ணை இன்னொரு முறை பாடுபடுத்த வேண்டும். சிஸ்டர் இன்னும் சவ்வைக் கீழே வைக்கவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்திருக்கும் தாய் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“எல்லாம் முடிஞ்சிடுச்சா டாக்டர்?”

உங்களைத்தான் கேட்கிறாள். பதில் சொல்லுங்கள்.