பதினேழாம் நம்பர் கட்டை

அண்டாவுக்கு அடியில் வைத்த விறகில் ஒன்று மட்டும் எரியவில்லை. இருசாயி ஊதுகுழலால் மூன்று முறை ஊதிப் பார்த்தாள். சுற்றியிருந்த கட்டைகளெல்லாம் சிவந்து சடசடக்கத் தொடங்கியிருந்தன. நடுவே கிடந்தது மட்டும் கரி பூசிக்கொண்டு அப்படியே இருந்தது. பார்வைக்குப் பட்டையும் கணுவுமாக, நன்றாகக் காய்ந்த கட்டைதான்.

மாசிக் குளிரில் அந்த ஊரில் பிணத்துக்கும் வெந்நீர்தான். வீட்டுக்குள் கருப்பண்ணன் கோரைப்பாயில் கிடந்தான். விடிவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. கண்ணாயி அவனுடைய தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று அழுது முடித்திருந்தாள். அவளுக்கு எதுவுமே சீக்கிரம் முடிந்துவிடும், அழுகையும் அப்படித்தான்.

"அக்கா, இதென்ன கட்டெ? கல்லாட்டக் கெடக்குது," என்று வாசலிலிருந்து கத்தினாள் இருசாயி. அவள் கருப்பண்ணனின் தம்பி மனைவி.

"எங்கிருந்து எடுத்தே?"

"செவுத்தோரமாச் சாக்குப் போத்தியிருந்துச்சு. கனமோ கனம். காலால உருட்டிக்கிட்டு வந்து உள்ள தள்ளுனேன்."

கண்ணாயி எழுந்து வெளியே வந்தாள். முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் கருப்பண்ணன் மலையேறி வந்து சேர்ந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. நெஞ்சில் என்னவோ பிடித்தாற்போல இருக்கிறது என்றான். மிளகுக் கஷாயத்தைக் குடித்துவிட்டுப் படுத்தவன், கண்ணை மூடிக்கொண்டே, "வெளிய ஒண்ணு வெச்சிருக்கேன். காலைல வெளிச்சத்துல பாரு," என்றான். பலாப்பழமோ, சந்தையில் வாங்கிய பானையோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மண்வெட்டியால் இழுத்து அதை வெளியே தள்ளினாள். கட்டை மண்ணில் விழுந்த சத்தம் கட்டை விழுந்த சத்தமாக இல்லை. இருசாயி பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள். ஆவி கிளம்பிற்று. பட்டென்று ஒரு சில்லு தெறித்து முருங்கை மரத்தடியில் போய் விழுந்தது. நெருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இது என்ன என்று தெரிந்துவிட்டது.

கருப்பண்ணனுக்கு வருஷத்தில் நான்கு மாதம் கேம்ப் வேலை. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூர் ஓடையில் மரம் ஒன்று கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. அதை ஆராய வரும் சர்க்கார் ஆட்களுக்குக் கூடாரம் அடிப்பான், தண்ணீர் சுமப்பான், தோண்டியெடுத்த கற்களைத் துடைத்து நம்பர் வரிசையில் அடுக்குவான். மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து அந்த வேலைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். முதல் வருஷம் திரும்பி வந்து அவன் சொன்னதை ஊரே வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. பனைமர நீளத்துக்கு மரம், அத்தனையும் கல். கூடாரத்தில் பாய் விரித்துப் படுத்தால் முதுகுக்குக் கீழே மண்ணில் சங்கும் நத்தையும் உறுத்தும். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம், மனிதனே இல்லாத காலத்தில்.

"மனுசனே இல்லீன்னா, கடல் இருந்ததெ ஆரு பாத்துட்டு வந்து சொன்னாங்களாமா?" என்று கேட்டவள் கண்ணாயிதான்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துவிட்டது. மூன்றாம் வருஷம் திருவிழாவில், பொங்கல் வைக்க வந்த அத்தனை பெண்களுக்கும் நடுவில், "எங்க ஊட்டுக்காரரு அடுத்த தடவெ கல்லு மாடு ஓட்டியாருவாரு. பாலுக்குப் பதிலாச் சுண்ணாம்பு கறந்துக்கலாம்," என்றாள். அதோடு கருப்பண்ணனுக்குக் கல்மரத்தான் என்று பெயர் விழுந்தது. யாராவது அளந்துவிட்டால், "கேம்ப்புக்குப் போயிட்டு வந்தியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அதன் பிறகு கருப்பண்ணன் கேம்ப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐந்து வருஷம். கூடாரம் எப்படி இருந்தது என்று அவளே கேட்டாலும், "இருந்துச்சு," என்பான். அந்தக் கதைகள் தனக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்பது அவை நின்ற பிறகுதான் கண்ணாயிக்குத் தெரிந்தது. அதை அவனிடம் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது அந்தக் கதையில் ஒரு துண்டு முற்றத்தில் கிடந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முதுகொடியும் இந்தப் பாரத்தைச் சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலை முழுவதும் தலையில் சுமந்து ஏற்றியிருக்கிறான். தன்னால்தான் என்று கண்ணாயி நினைத்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஊர்க்கவுண்டர் அப்பாசாமி வந்து கைத்தடியால் அதை இரண்டு தட்டுத் தட்டினார்.

"சத்தம் கல்லாட்டத்தான் இருக்குது. கல்லுன்னாக் குழிக்குத் தலைமாட்டுல நட்டுறலாம். மரம்னா ஆகாது. பாதி எரிஞ்ச சாமான் வேற."

"கல்லுல செதுக்கியிருப்பாங்கங்க," என்றான் பாடை கட்டிக்கொண்டிருந்த ராசப்பன். "சிலை செதுக்கறவங்களுக்குக் கணு செதுக்கறது பெரிய காரியமுங்களா? கல்மரத்தான் ஏமாந்து வாங்கியாந்திருப்பான்."

செத்த வீடு என்பதால் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. இரண்டொரு பேர் குனிந்துகொண்டார்கள். கண்ணாயி அவர்களுடைய தோள்களைப் பார்த்தாள். அந்தக் குலுங்கலைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

உச்சி வெயிலில் ஜாபர் உசேன் வந்து சேர்ந்தான். கேம்ப்பில் சாமான் காவல் பார்க்கிறவன், சேந்தமங்கலத்துக்காரன். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, செருப்பைக் கையில் பிடித்திருந்தான். பாடையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். யார் என்று அவன் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. உள்ளே போய்க் கருப்பண்ணனின் காலடியில் குந்திக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்தி அழுதான். பிறகு வெளியே வந்து முருங்கை மரத்தடியில் நின்றான். கண்ணாயி தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அக்கா, இந்த நேரத்துல சொல்லக் கூடாதுங்க," என்றான். "ஆனா நாளைக்குப் பொழுது எறங்கறப்ப கேம்ப்புல லாரி கெளம்பீருமுங்க."

"சொல்லுங்க தம்பி."

"அண்ணன் ஒரு துண்டு வேணும்னு கேம்ப் அய்யாகிட்டக் கேட்டாருங்க. கழிச்சுப் போட்ட குமியல்ல ஒண்ணு எடுத்துக்கன்னு அய்யா சொன்னாருங்க. அந்தக் குமியல்ல இருக்கறதெல்லாம் வெறும் சல்லிங்க. பாத்தாக் கல்லுன்னுதான் தெரியும், மரம்னு தெரியாது. அதக் கொண்டாந்தா நீங்க நம்ப மாட்டீங்கன்னு, பட்டெ கணு அல்லாம் இருக்கற ஒண்ணெ எடுத்துட்டாரு. அது நம்பர் போட்டதுங்க. பதினேழு. சாக்குல என்னண்ணேன்னு கேட்டேன். ஊட்டுக்கு வெறகுன்னாரு. நானும் சிரிச்சுட்டு பஸ் ஏத்தி உட்டேன். நேத்துப் பொட்டில அடுக்கறப்பத்தான் ஒண்ணு கொறெயுதுன்னு தெரிஞ்சுது."

கண்ணாயி முற்றத்தைப் பார்த்தாள். "அது இங்கயே இருந்தா?"

"என் வேலெ போறது ஒருபக்கமுங்க. அண்ணன் பேருல களவுன்னு எழுதிருவாங்க. நான் வேணும்னா வழில தொலஞ்சு போச்சுன்னு சொல்லிப் பாக்கறேன். ஆனா பதிஞ்சு வெச்சிருக்காங்களே." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "களவுன்னு அண்ணனுக்குத் தோணியே இருக்காதுங்கக்கா."

மலைக்கு மேல் பொய்யன், மலைக்குக் கீழே திருடன். இரண்டில் ஒன்றைத்தான் துடைக்க முடியும் போலிருந்தது. கல் போய்விட்டால் அடுத்த திருவிழாவுக்குள் ஊர் அதைப் பச்சைக் கட்டை என்று சொல்லிவிடும், கல்மரத்தான் விறகை ஊதி ஊதி இருசாயிக்கு நுரையீரல் போயிற்று என்று ஒரு கதை கட்டும். கண்ணாயிக்கு இந்த ஊரை நன்றாகத் தெரியும். கல்லை வைத்துக்கொண்டால் ஊர் வாய் அடைபடும். ஆனால் அவன் பெயரை எங்கோ ஒரு ஆபீசில், அவளால் படிக்க முடியாத எழுத்தில், களவு என்று எழுதி வைத்துவிடுவார்கள்.

அவள் காலுக்கடியில் எதுவோ உறுத்தியது. காலையில் தெறித்த சில்லு. எடுத்துத் திருப்பினாள். உடைந்த பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக மெல்லிய வளையங்கள் ஓடின, வெட்டிய மரத்தின் நெஞ்சில் இருப்பது போலவே. அதைப் பிடித்துக்கொண்டு நேரே ராசப்பனிடம் போனாள்.

"செதுக்குனதுன்னியே கண்ணு. செதுக்கறவன் உள்ளாறயும் பூந்து செதுக்குவானா?"

ராசப்பன் சில்லைப் புரட்டிப் பார்த்தான், நகத்தால் சுரண்டினான். பிறகு பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான். அது கைமாறிக்கொண்டே போயிற்று.

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, உடலை வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். வாய்க்கரிசிக்கு அரிசித் தட்டை எடுத்து வந்த இருசாயியின் கையிலிருந்து கண்ணாயி தட்டை வாங்கிக்கொண்டாள்.

"கல்லு கீழ போவுது. அது சர்க்கார் சாமான், இந்தத் தம்பி கொண்டு போயிரும்," என்றாள். "ஆனா இவருக்கு அரிசி போட வாரவங்க, மொதல்ல அதெ ஒருக்காத் தூக்கிப் பாத்துட்டு வாங்க."

அப்பாசாமிக் கவுண்டர் தடியை ஊன்றினார். "ஏனம்மா, இதெந்த ஊரு மொறெ?"

"கல்லு மாடுன்னு நாஞ் சொன்னப்ப ஊரே சிரிச்சுதில்லீங்களா? அப்ப நீங்களுந்தான் சிரிச்சீங்க. அது எந்த ஊரு மொறெங்க?"

பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று நேரம் கெட்டுக் கூவிற்று. முதலில் போனவள் இருசாயிதான், காலையில் காலால் உருட்டியவள். குனிந்து இரண்டு கையாலும் தூக்கி, முழங்கால் வரைக்கும் கொண்டுவந்து கீழே வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அரிசி எடுத்தாள். அடுத்து ராசப்பன். விறகு தூக்குகிற கணக்கில் கை கொடுத்தவன் ஒரு எட்டு முன்னால் தள்ளாடினான். அப்புறம் ஒவ்வொருவராக வரிசையில் வந்தார்கள். ஆண்களும் பெண்களும் குனிந்தார்கள், தூக்கினார்கள், வைத்தார்கள். வைக்கும்போது எல்லோருமே மெதுவாக வைத்தார்கள். சிலர் விரலால் பட்டையைத் தடவினார்கள்.

கடைசியாக அப்பாசாமிக் கவுண்டர் தடியை ராசப்பனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அவரால் முழுவதும் தூக்க முடியவில்லை. ஒரு முனையை மட்டும் உயர்த்தி, சற்று நேரம் அப்படியே பிடித்திருந்து, இறக்கினார்.

"கருப்பண்ணன் பொய் சொல்லுலீங்க," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு அரிசி போட்டார்கள். கண்ணாயியும் போட்டாள். உடலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள்.

அவர்கள் குழியை மூடிவிட்டுத் திரும்பியபோது ஜாபர் உசேனும் கூடவே திரும்பினான். அவனும் ஒரு கைப்பிடி மண் போட்டிருந்தான். சில்லைக் கல்லின் உடைந்த இடத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு, கண்ணாயியின் முகத்தைப் பார்க்காமல், "இதையும் கொண்டு போவோணுமுங்க," என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கண்ணாயி தலையாட்டினாள். அது ஒன்றையாவது கேட்கலாமா என்று மத்தியானத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

அவன் துண்டைச் சும்மாடாகச் சுற்றினான். "சின்னக்கா, செத்தெ தூக்கி உடுங்க," என்று இருசாயியைக் கூப்பிட்டான்.

"எந்தலைல வெய்யுங்க," என்றாள் கண்ணாயி. "எறக்கம் வரைக்கும் நாங் கொண்டாரேன்."

தாலி இறங்கப்போகிறவள் வீட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. இருசாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாசாமிக் கவுண்டர் வாசலில் இருந்த அண்டாவை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லி யாரையோ அதட்டிக்கொண்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

பாரம் தலையில் ஏறியதும் கழுத்து உள்ளே போயிற்று. சாமைக்காட்டு வரப்பைத் தாண்டுவதற்குள் கண்ணாயிக்கு மூச்சு வாங்கியது. இது சமதரை, போகப் போக இறக்கம். அவன் வந்தது ஏற்றத்தில். பின்னால் ஜாபர் உசேன், "குடுத்துருங்கக்கா, குடுத்துருங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் இரண்டு கையாலும் பாரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

இறக்கம் தொடங்குகிற இடத்தில் சுமைதாங்கி இருந்தது. ஏறி வருகிறவர்களுக்கு ஊருக்கு முந்தின கடைசிச் சுமைதாங்கி. நெஞ்சுயரக் கல்லின் மேல் யாரோ தழை பரப்பியிருந்தார்கள். நேற்று ஒடித்த தழை, ஓரம் சுருண்டு வாடியிருந்தது. நடுவில் ஒரு முழ நீளத்துக்கு நசுங்கிக் குழிந்திருந்தது.

"நம்பர் கல்லெ வெறும் பாறைல வெச்சா உரசிருமுங்க," என்றான் ஜாபர் உசேன். "அண்ணன் கேம்ப்புலயும் இப்படித்தான். வைக்கல் போடாம எதையும் கீழ வெக்க மாட்டாரு."

இருவரும் சேர்ந்து கல்லை இறக்கி அதன் மேல் வைத்தார்கள். கண்ணாயி அதை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கணு இருந்த பக்கம் உள்ளே வந்ததும் அது குழியில் சரியாக உட்கார்ந்துகொண்டது.

"நேரமாவுதுங்கக்கா. நான் எடுத்துக்கிறேன்."

"செத்தெ நேரம் இருக்கட்டும் தம்பி."

அவள் பக்கத்துச் செடியில் ஒரு கொத்துத் தழையை ஒடித்தாள். பழைய தழை கிழிந்து பாறை தெரிந்த இடத்தில், கல்லுக்கு அடியில், அதைச் செருகி வைத்தாள்.