சாளைக் கூட்டத்துக்கு ஒரு சுறா

கடல்காட்சியகத்தின் பெரிய தொட்டிக்குள் இறங்கிக் கண்ணாடி துடைப்பதும் மீன்களுக்குத் தீனி கொடுப்பதும் என் வேலை. அது வட்டத் தொட்டி. மூலை இருந்தால் சாளை மீன்கள் அதில் போய் முட்டிக்கொண்டு செத்துவிடும் என்று அப்படிக் கட்டினார்கள். அந்த அளவுக்கு யோசித்த புண்ணியவான்கள் அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை.

கரையோரக் கடலிலிருந்து கொண்டுவந்த புதிதில் அவை ஒரே திரளாகச் சுற்றின. என் கையில் பொடி இறால் தின்று பழகியதும் ஒவ்வொன்றும் தன் போக்கில் திரிய ஆரம்பித்தது. வாயை ஆவென்று திறந்துகொண்டு என் விரல்களுக்கு இடையில் புகுந்து வரும். எனக்கு அதில் பெருமை பிடிபடாது.

மேலாளருக்குத்தான் பொறுக்கவில்லை.

"கூட்டமா சுத்தறதைப் பார்க்கத்தாம்மா ஜனங்க வர்றாங்க. இது சந்தைக்கடை மாதிரி இருக்கு. நாளைக்குக் காலையிலயும் இப்படியே இருந்தா மொத்தத்தையும் அள்ளி பக்கத்துத் தொட்டி கடல்நாய்ங்களுக்குப் போட்டுடுவோம்."

"அள்ளிப் போட இதுங்க என்ன குப்பையா சார்?" என்றேன். அவர் காதில் வாங்காமல் போய்விட்டார்.

தீனி அறையில் என் நாத்தனார் இறாலைப் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அதைத் தினமும் சொல்லிக்காட்டாமல் விடமாட்டாள்.

"நீரோட்டத்தைக் கூட்டியாச்சு, விளக்கை மாத்தியாச்சு. ஒண்ணும் வேலைக்கு ஆகல" என்று புலம்பினேன்.

"பயம் விட்டுப்போச்சு அண்ணி. நம்ம வீட்டையே பாருங்க. நீங்க கத்தற வரைக்கும் ஆளுக்கொரு ரூம்ல கிடப்போம். கத்தினீங்கன்னா எங்கண்ணன்லேருந்து எல்லாரும் ஹால்ல ஆஜர்."

"வாயைக் கிழிச்சிடுவேன்" என்றேன். ஆனால் சுருக்கென்று உறைத்தது. கடலில் சாளையைத் துரத்த எத்தனையோ வாய்கள். இங்கே துரத்த ஆளில்லை, பிறகு கூட்டம் எதற்கு?

"பெரிய மீன் ஒண்ணை உள்ள விடச் சொல்லலாமே" என்றாள்.

"அது தின்னே தீர்த்துடும். நானே துரத்தறேன்."

"அப்புறம் உங்ககிட்ட வராதுங்க அண்ணி." இந்த முறை அவள் குரலில் கிண்டல் இல்லை.

கருப்பு முக்குளிப்பு உடையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வழக்கம்போல் தீனிக்கு வந்தன. ஒன்று என் கட்டைவிரலை முட்டிப் பார்த்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கைகளை விரித்து அவற்றின் மேல் பாய்ந்தேன். விலகின, திரும்ப வந்தன. விளையாட்டு என்று நினைத்துவிட்டன, பாவிகள். மறுபடி பாய்ந்தேன். என் கை ஒரு மீன்மேல் பட்டு, செதில்கள் பிய்ந்து தண்ணீரில் மினுங்கின.

அடுத்த கணம் தொட்டியே திரும்பியது.

எங்கெங்கோ திரிந்தவை ஒரே உடம்பாகிவிட்டன. தலைவன் கிடையாது, சைகை கிடையாது. பக்கத்து மீன் அசைந்தால் தண்ணீரில் ஏற்படும் சின்ன அதிர்வை விலாவில் ஓடும் ஒரு கோட்டால் உணர்ந்து இதுவும் அசையும் என்று படித்திருக்கிறேன். படித்தது ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரு பக்கம் திரும்பினால் மொத்தமும் வெள்ளி, மறுபக்கம் திரும்பினால் மொத்தமும் இருட்டு. நான் நுழைந்தால் திரள் எனக்கு முன்னால் பிளந்து, முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. ஆயிரக்கணக்கில் மீன்கள், ஒன்றுகூட இன்னொன்றை இடிக்கவில்லை. துரத்துவதையே மறந்து நடுவில் மிதந்தேன். இவற்றைத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, என்ன அசட்டுத்தனம்.

கண்ணாடிக்கு வெளியே மேலாளர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"தினமும் ஒருதரம் இதையே செஞ்சிடுங்கம்மா" என்றார் நான் மேலே வந்ததும். கடல்நாய்ப் பேச்சு அதோடு ஓய்ந்தது.

இப்போது தீனியை நாத்தனார் மேலிருந்து தூவுகிறாள். நான் இறங்கினாலே போதும், திரள் இறுகிவிடுகிறது. ஒருநாள் ஆசை தாங்காமல், அவளைத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கை நிறைய இறாலோடு உள்ளே போய் அசையாமல் இருந்தேன். நல்ல பசியில்தான் இருந்தன. ஆனாலும் நடுவில் என்னைத் தனியாக விட்டு, வெள்ளிச் சுவராகச் சுழன்றுகொண்டே இருந்தன. அவ்வளவு அழகு. முகமூடிக்குள் அழுதால் துடைத்துக்கொள்ள முடியாது என்று அன்றுதான் தெரிந்தது.

ஒன்றுகூட வரவில்லை. கையைத் திறந்து இறாலைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். என் கால் வெளியே வந்த பிறகுதான் சாப்பிட்டன.