இன்னும் வாங்காத ஏசியின் தண்ணீர்

ஒச்சம்மாள் இன்னும் வாங்காத ஏசியிலிருந்து ஒரு பங்குனி மாதம் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கொச்சி மட்டாஞ்சேரியில் துணி வெளுத்துத் தேய்க்கும் தமிழ்க் குடும்பங்களின் சந்தில், ஓர் ஆணிகூட அடிக்காத வெறும் சுவர் அது. ஒச்சம்மாள் கீழே வாளியை வைத்தாள். சேர்ந்த தண்ணீரை வேட்டிகளின் மேல் தெளித்துத் தேய்த்தாள். அதற்குமேல் அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

யோசித்தவள் எதிர்வீட்டு பாக்கியலக்ஷ்மி. தினமும் பஸ் பிடித்துக் காக்கநாட்டுக்குப் போய், வருகிற இருபது வருடங்களில் நாட்டிலுள்ள வீடுகளுக்கு எவ்வளவு கரண்டு தேவைப்படும் என்று கணிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். எங்கே பெரிய டிரான்ஸ்ஃபார்மர், எங்கே சின்னது என்பதெல்லாம் அந்தக் கணிப்பை வைத்துத்தான் முடிவாகும். மாதிரிக்கு எடுத்த தெருக்களில் அவளுடைய சந்தும் ஒன்று. அதுவோ, யார் பேனாவோடு வந்தாலும் ஃபிரிட்ஜுக்குப் போர்வை போர்த்தி மேலே சாமி படம் வைத்துவிடும் சந்து. நம் வீட்டுப் பெண் என்றும் பார்க்காமல், ஒரு ஃபேன், ஒரு லைட்டு, இனி எதுவும் வாங்குவதாக இல்லை என்று எல்லோரும் ஒரே வாயாகச் சாதித்தார்கள். சந்துக்குச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும் என்று கணக்கு வந்தது.

வாங்காத சாமான்களே அவர்களைக் காட்டிக்கொடுத்தன. ஏசி சொட்டிய வாரமே, கையால் துவைப்பதைப் பெருமையாகச் சொல்லும் அழகரின் வீட்டு மூலையில், இல்லாத வாஷிங் மெஷின் சுற்றியது. மனிதர் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பாக்கியலக்ஷ்மி வீட்டில் கட்டிலருகே ஏதோ மூச்சுவிட்டது. அவளுடைய அப்பாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கேட்ட ஆக்சிஜன் மெஷினின் சத்தம். அந்தக் கட்டிலில் படுப்பது அவளும் கணவன் முத்துவேலும்தான். இருவரில் யாருக்கு என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

“யாருக்குன்னு தேடாத பாக்கியம்,” என்றான் முத்துவேல், இஸ்திரிப் பெட்டியில் சிரட்டைக் கரியை ஊதி இருமிக்கொண்டே. “கரண்டு நிக்காம இருந்தா போதும்.”

ஒச்சம்மாள் தானாகவே வந்து ஒப்புக்கொண்டாள். “ரோஸ் ரேஷன் கார்டு வெள்ளையாயி, ஏழைங்களுக்குத் தர்ற அரிசி நின்னுடும்னு பயந்து கள்ளம் சொல்லிட்டோம் மோளே.”

பாக்கியலக்ஷ்மி கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் வீடு வீடாகப் போனாள். இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை, சுவர்களில் காதை வைத்தாள். எந்த இரைச்சல் எந்த மெஷின், எவ்வளவு இழுக்கும் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடிந்தது. அவளைப்போல ஒருத்தியைப் பெற்றதற்கு அந்தச் சந்து கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஆதாரம் கேட்ட மேலதிகாரி சிவராமகிருஷ்ணனை நேரே ஒச்சம்மாள் வீட்டுச் சுவரடியில் கொண்டுவந்து நிறுத்தினாள். வழுக்கைத் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் துடைத்து, விரலை முகர்ந்து பார்த்து, பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குச் சம்மதித்தார். மூச்சு மெஷினைப் பற்றி மட்டும், அது இழுப்பது கொஞ்சம்தானே என்றார்.

“கொஞ்சம்தான் சார். ஆனா ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது. சந்துக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் லைன் வேணும்.”

எவ்வளவு வேண்டும் என்று மட்டுமே கணித்துவந்த அலுவலகம், எங்கெங்கே நிற்கக்கூடாது என்றும் அன்றுமுதல் கணித்தது.

வருடங்கள் போயின. ஒச்சம்மாள் ஏசி வாங்கினாள். வாளியை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. அழகரின் வாஷிங் மெஷின் வந்து மூலையில் உட்கார்ந்தது. கரிப்புகை குடித்த முத்துவேலின் நெஞ்சுக்காக ஆக்சிஜன் மெஷினும் வந்தது. சுவிட்சைப் போட்டபோது வீட்டில் புதிதாக ஒரு சத்தமும் கேட்கவில்லை. பாக்கியலக்ஷ்மி அழுதாள், பிறகு சமையலறைக்குப் போனாள்.

அந்த வருடம், வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழையில், ஒரு சாயங்காலம், மரம் விழுந்து ஒரு பக்கத்து லைன் அறுந்தது. அக்கரையில் வைப்பின் தீவு வரை இருண்டுகிடக்க, சந்தின் விளக்குகள் ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு நின்று எரிந்தன. முத்துவேல் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டு சாயா கேட்டான்.