ஆடு குளிப்பாட்டும் துறையின் பெயர்

கெசியாவின் குடும்பப் பெயர் ஷீப்வாஷ். ஆடு குளிப்பாட்டும் துறை என்று அர்த்தம். அந்த யார்க்‌ஷயர் மலையோரத்தில் அநாதைப் பிள்ளை கிடைத்தால், கிடைத்த இடத்தையே பெயராக வைத்துவிடுவார்கள் தேவாலயத்துக்காரர்கள். யோசிக்கிற சிரமம் மிச்சம் பாருங்கள்.

ஊரே கேலி செய்த அந்தப் பெயரை அவள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெற்றவள் என்றாவது தேடி வந்தால், விட்டுப்போன இடத்தைச் சொல்லித்தானே கேட்பாள்? கல்யாணம் செய்தால் பெயர் மாறிவிடும். அதனால் ஏமஸ் த்வெய்ட் கேட்டபோதெல்லாம் மறுத்தாள்.

"என் பேருல அப்படி என்ன முள்ளா இருக்கு, கெசி?" என்றான் அவன். அலுத்துப்போய் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

ஒவ்வொரு ஜூனிலும், ரோமம் கத்தரிக்குமுன் ஆடுகளை ஓடையில் இறக்குவார்கள். இவள் கரைக்கல்லில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தலை நரைத்துவிட்டது. அவளைப் பால் கொடுத்து வளர்த்த டின்ஸ்டேல் கிழவி படுக்கையில் விழுந்தாள். ஓட்ஸ் கஞ்சி ஊட்டப் போனாள் கெசியா.

"நீ அந்தத் துறையில கெடைச்ச பிள்ளை இல்லடி."

"காய்ச்சல்ல உளறாதீங்க அத்தை. வாயைத் திறங்க."

"அங்க கெடைச்சது ஒரே வாரத்துல செத்துப்போச்சு. மறுநாளே நீ சுண்ணாம்புக் காளவாய்கிட்ட கெடைச்சே. வெச்ச பேரு இருக்கு, தைச்ச சட்டை இருக்கு, வீணாக்குவானேன்னு ரெண்டையும் உனக்கே மாட்டிட்டாங்க."

கரண்டி பாதியில் நின்றது.

"எங்கம்மா வந்தாளா?"

"வந்தா. நீ நடக்கப் பழகின சமயம். காளவாய் பேரு வெச்ச பிள்ளை எங்கேன்னு கேட்டா. அப்படிப் பேருல இங்க யாருமில்லைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நீ என் இடுப்புலதான் இருந்தே. உன் கன்னத்தைக்கூடத் தட்டிட்டுப் போனா."

"நீங்க ஏன் வாயைத் திறக்கலை?"

"உன்னைக் குடுத்துட்டு நான் என்னடி பண்ணுவேன்?"

கெசியாவுக்குக் கிழவியின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. ஆனால் கிழவிக்கும் வேறு நாதியில்லை. மிச்சக் கஞ்சியையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டாள்.

கிழவி போய்ச் சேர்ந்தாள். மறுபடி ஜூன் வந்தது. கால் பழக்கதோஷத்தில் துறைக்கே இழுத்துப் போயிற்று. இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஏமஸ் நின்றிருந்தான்.

"என்ன கெசி, நிக்கிறே? உன் கல்லுதானே, உக்காரு."

'என் கல் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால், இவனை எதற்காக வேண்டாமென்றாளோ அதையும் சொல்ல வேண்டிவரும்.

உட்கார்ந்தாள். பாதைக்கு முதுகு காட்டி.