உரிமத்துக்குள் அடங்கும் வேலை

2019 ஜூலை 13, சனிக்கிழமை. ஃப்ளோரிடா மாநிலம் ஹயலியா நகரின் மேற்குப் பகுதியில் ஒரு வீட்டு நீச்சல் குளத்தின் எஃகுக் கைப்பிடிக்கும் தண்ணீருக்கும் நடுவே மின்சாரம் இருந்தது. அதை முதலில் உணர்ந்தது அந்தக் குளத்தைப் பராமரித்து வந்த ஒடாலிஸ் கிண்டானாவின் இடது கை.

சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுக்க அவள் குளக்கரையில் முழங்காலிட்டு வலது கையை நனைத்தாள். எழுந்திருப்பதற்காகக் கைப்பிடியைப் பற்றியபோது முழங்கை வரை சுருக்கென்று ஏறியது. கையை உதறிக்கொண்டாள். வெயிலில் கம்பி காய்ந்திருக்கிறது என்று முதலில் நினைத்தாள். ஆனால் கைப்பிடி மாமர நிழலில் இருந்தது. மறுபடி வலது கையை நீரில் விட்டு, இம்முறை இடது புறங்கையால் கம்பியைத் தொட்டாள். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. புறங்கையிலும் ஏறியது.

வீட்டுக்காரர் ஹெனாரோ கொல்லையின் மறுகோடியில், முழுப் பன்றி வாட்டும் பெட்டியின் மேல் கரியைப் பரப்பிக்கொண்டிருந்தார். பேத்தி கிறிஸ்தலுக்கு ஒன்பது வயது நிறைகிறது. மூன்று மணிக்கு விருந்து. வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் வருகிறார்கள்.

"அண்ணே, மோட்டார் பிரேக்கரை அணைக்கிறேன். கொஞ்ச நேரம் தண்ணி ஓடாது" என்றாள் ஒடாலிஸ்.

"அணை தங்கச்சி. பன்னிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

மோட்டாரையும் குளத்து விளக்கையும் அணைத்துவிட்டு வந்து தொட்டாள். அப்போதும் ஏறியது. வீட்டு மெயினையே அணைக்கச் சொன்னாள். உள்ளே ஏசி நின்றதும் ஹெனாரோவின் மனைவி மிர்தா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"யாரு அணைச்சது? ஐஸ்கிரீம் கேக் உள்ள இருக்கு. உருகி ஓடினா நீயா நக்குவ?"

"ரெண்டே நிமிஷம், மிர்தா."

ஒடாலிஸ் மூன்றாம் முறை தொட்டாள். வீட்டில் ஒரு சொட்டு மின்சாரம் இல்லாதபோதும் கம்பி கடித்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இது இந்த வீட்டுக் கோளாறு இல்லை. தெருவில் எங்கோ மின்கம்பெனியின் கம்பி பழுதாகி, திரும்பிப் போக வேண்டிய மின்சாரம் மண் வழியாக வழி தேடுகிறது. இங்கே எந்தப் பிரேக்கரை அணைத்தும் பயனில்லை. வெயில் ஏறி, தெருவில் ஒவ்வொரு வீட்டு ஏசியும் ஓட ஓட, அதுவும் ஏறும்.

அப்படி மண்ணில் வந்தாலும் குளத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து வராமல் இருக்கத்தான் குளம் கட்டும்போதே ஒரு வெறும் செம்புக் கம்பியைப் புதைக்கிறார்கள். கைப்பிடி, ஏணி, மோட்டார், தளத்துக்கு அடியில் உள்ள இரும்பு, தண்ணீர் எல்லாவற்றையும் அது ஒன்றாகக் கட்டிவைக்கும். எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருந்தால் நடுவில் நிற்கும் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. ஒடாலிஸ் மோட்டாருக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மோட்டாரின் திருகில் விரல் நீளத்துக்குச் செம்புக் கம்பி தொங்கியது. அதன் முனை புதிதாக வெட்டப்பட்டுப் பளபளத்தது.

மிர்தாவின் தம்பி யூரிதான் போன மாதம் குளத்தைச் சுற்றியிருந்த பழைய சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்துவிட்டு மணல்நிறக் கல் பதித்தவன். நகராட்சி அனுமதி இல்லை, ஆய்வு இல்லை. இப்போது டொமினோ மேசையை விரித்துக்கொண்டிருந்தான்.

"யூரி, மோட்டார்கிட்ட ஒரு செம்புக் கம்பி இருந்துச்சே?"

"அதுவா? குளத்தைச் சுத்திப் பூராவும் ஓடிச்சு. ரெண்டு பக்கமும் எந்தக் கரண்ட்லயும் சேரல. எவனோ சும்மா போட்டு வெச்சிருக்கான்னு வெட்டி எடுத்துட்டேன்."

"எங்க அது?"

"பழைய இரும்புக் கடையில. செம்பு இன்னிக்கு என்ன விலைக்குப் போகுது தெரியுமா?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "என்ன டாக்டரம்மா, குளத்துக்குக் காய்ச்சலா?"

கைப்பிடியில் மின்சாரம் ஏறுவதை அவள் சொன்னாள். யூரி குளத்தருகே வந்து, தடித்த ரப்பர் செருப்போடு நின்றபடியே ஒரு கையை நீரில் விட்டுத் துழாவினான்.

"ஒண்ணும் தெரியலையே. ஹெனாரோ மாமா, இங்க பாரு, உயிரோடதான் இருக்கேன்."

"செருப்பைக் கழட்டு. ஈரக்கால்ல நின்னு கம்பியத் தொடு" என்றாள் ஒடாலிஸ்.

யூரி கழற்றவில்லை. ஹெனாரோ கழற்றினார். தொட்டவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக் கையை இடுப்பில் தேய்த்துக்கொண்டார்.

"சரி. கட்டிவிடு. நீதான் எல்லாம் தெரிஞ்சவளாச்சே. ஒரு கம்பிதானே."

இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு வீட்டில் எரிந்துபோன மோட்டாரை மாற்றிய ஒடாலிஸ், அதன் ஒயர்களையும் தானே முடுக்கிவிட்டிருந்தாள். அவளுடைய உரிமம் குளப் பராமரிப்புக்கானது. அதை வைத்துக்கொண்டு மோட்டாரை இறக்கி ஏற்றலாம், குழாயும் வடிகட்டியும் மாற்றலாம், ஓடு ஒட்டலாம், மருந்து போடலாம். மின் இணைப்பைத் தொடக் கூடாது. அடுத்த தெருவில் அதே தொழில் செய்கிற ஒருவன் படம் எடுத்து மாநில உரிம வாரியத்துக்கு அனுப்பிவிட்டான். வாரியம் அபராதம் போட்டு நன்னடத்தைக் காலம் விதித்தது. அது முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதற்குள் உரிமத்தை மீறி இன்னொரு வேலை செய்தால் உரிமம் ரத்து. வண்டிக் கதவில் எழுதியிருக்கும் உரிம எண்ணைச் சுரண்டிவிட்டு, கியூபாவிலிருந்து வந்த புதிதில் செய்தது போல எவனுடைய கம்பெனியிலோ போய் இலை அரிக்கும் வலையைப் பிடிக்க வேண்டியதுதான்.

"என் லைசென்ஸ்ல அது வராதுண்ணே. கரண்ட் வேலைக்கு எலக்ட்ரீஷியன் வேணும். அதுவும் போதாது, கம்பெனிக்காரன் வந்து தெருவுல பாக்கணும். இன்னிக்கு யாரையும் எறக்காதீங்க."

"எறக்காம? பதினாறு பிள்ளைங்க நீச்சல் துணியோட வருது."

"கேக் வெட்டுங்க, பாட்டுப் போடுங்க. தண்ணியில வேண்டாம்."

அவள் வண்டி நிழலில் நின்று அழைப்புகள் செய்தாள். குள வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் இருவரில் ஒருவன் எடுக்கவில்லை. இன்னொருவன் திங்கட்கிழமை என்றான். மின்கம்பெனியில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஆள் அனுப்புகிறோம், இன்று முன்னிரவுக்குள் வந்துவிடுவார்கள் என்றாள். அவசரம் என்று ஒடாலிஸ் சொன்னாள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றாள் அந்தப் பெண்.

கொல்லைக்குத் திரும்பியபோது யூரி ஒரு பழைய ஒயரைக் கைப்பிடியில் சுற்றி மறுமுனையை மண்ணில் செருகிக்கொண்டிருந்தான். ஹெனாரோ இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல ஒண்ணும் ஆகாது யூரி. மண்ணுலதானே கரண்டே வருது. எடுத்துரு."

"கரண்ட் வேலைக்கு உனக்குத்தான் லைசென்ஸ் இல்லையே. அப்புறம் எப்படித் தெரியும்?"

ஹெனாரோ நடுவில் புகுந்தார். "விடு. கைப்பிடியத் தொடக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிடறேன். துணியச் சுத்திக் கட்டிடறேன். போதுமா?"

"கைப்பிடி மட்டும் இல்லண்ணே. ஈரத் தளத்துல கையை ஊனித் தண்ணியில இருந்து ஏறினாலும் அதேதான். கை கால் விறைச்சுப் போகும். கத்தக்கூட முடியாது. பெரியவங்க பக்கத்துல உக்காந்திருப்பீங்க, பிள்ளை விளையாடுதுன்னு நெனப்பீங்க."

ஹெனாரோ அவள் தோளில் கைவைத்தார். "சரி. யாரும் எறங்க மாட்டாங்க. நான் சொல்றேன்ல? நீ போ. இன்னிக்கு வெளுத்து வாங்குற வெயில், காப்பி குடிச்சிட்டுப் போ."

சின்னக் கோப்பையில் காப்பியை வாங்கிக் குடித்தாள். கோப்பையை வைக்கச் சமையலறைச் சன்னலுக்குப் போனபோது, உள்ளே மிர்தா யாரோடோ போனில் பேசுவது கேட்டது.

"நீச்சல் துணியா? பின்ன என்ன, எடுத்துட்டு வா. குளம் அது பாட்டுக்கு இருக்கு. இல்லடி, ஏதோ கம்பியாம், யூரி சரி பண்ணிட்டான்."

ஒடாலிஸ் ஹெனாரோவைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் கேட்டிருந்தார். பன்றிப் பெட்டியின் கரியைக் கிளற ஆரம்பித்தார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை. பின்னால் கருவிப் பெட்டியில் ஒரு பிடி செம்புக் கம்பியும் இரண்டு இறுக்கிகளும் கிடந்தன. அரை மணி நேரத்தில் மோட்டாரையும் கைப்பிடியையும் கட்டிவிடலாம். யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் யூரி தளத்துக்கு அடியில் எங்கெங்கே வெட்டினான் என்று அவனுக்கே தெரியாது. கட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளைகள் இறங்கும். அதில் ஒன்று விறைத்துப்போனால் லைசென்ஸ் போவதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

குளத்தைக் காலி செய்யலாம். மழைக்காலம், நிலத்தடி நீர் முழங்கால் ஆழத்தில் நிற்கிறது. தண்ணீரை எடுத்தால் வெறும் குளம் படகு போல மண்ணைவிட்டு மேலே கிளம்பிவிடும். போலீஸைக் கூப்பிடலாம். வந்து, வீட்டுக்காரரின் சொந்தக் குளம், சொந்தப் பேத்தி என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மூன்று மணி ஆவதற்குள் முதல் கார் வந்து நின்றது, பின்னாலேயே இன்னும் இரண்டு. இரண்டு சிறுமிகள் காற்றடைத்த அன்னத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மேலே துண்டு, உள்ளே நீச்சல் துணி.

அவள் இறங்கி வண்டியின் பின்கதவைத் திறந்தாள். ரப்பர் காலணி மாட்டினாள், கையுறை போட்டாள். திரவக் குளோரின் நிறைந்த மஞ்சள் கேன்கள் நான்கு இருந்தன. சாதாரணமாக இந்தக் குளத்துக்கு ஒரு கேனில் கால்வாசி ஊற்றுவாள். இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கிறிஸ்தல் குளத்தோரப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு கண்ணு. பின்னால போ. அங்க வேலிக்கிட்ட போய் நில்லு."

"ஏன்?"

"மருந்து ஊத்தப் போறேன். கண்ணுல பட்டா வெந்துடும்."

குழந்தை எழுந்து போகும்வரை நின்றாள். பிறகு முதல் கேனைத் திறந்து, ஆழமான பக்கத்திலிருந்து கரையோரமாக நடந்தபடியே ஊற்றினாள். வாசனை முதலில் டொமினோ மேசைக்குப் போனது. யூரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"ஏய், என்ன பண்ற? எவ்வளவு ஊத்தற?"

அவள் இரண்டாவது கேனைத் திறந்தாள்.

"ஹெனாரோ மாமா! இவ குளத்தைக் கெடுக்கறா."

ஹெனாரோ கரிக் கரண்டியோடு ஓடி வந்தார். குளத்துக்கு மறுகரையில் நின்றுவிட்டார், மூச்சு முட்டியது. "ஒடாலிஸ். நிறுத்து. நான் சொல்றேன், நிறுத்து. இது என் வீடு."

"ஆமாண்ணே. குளத்துக்கு மருந்து போடறது என் வேலை. இது என் லைசென்ஸ்ல இருக்கு."

"பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"தண்ணியில மருந்து இருக்கு, ரெண்டு மூணு நாளைக்கு எறங்கக் கூடாதுன்னு சொல்லுங்க. கரண்ட்டுன்னா நம்ப மாட்டாங்க. இத மூக்கே சொல்லிடும்."

மூன்றாவது கேன். கொஞ்சம் புதுக் கல்லில் சிந்தி, மணல்நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தது. யூரி போனைத் தூக்கிப் படம் பிடித்தான். "பாருங்க எல்லாரும், இவங்கதான் லைசென்ஸ்காரம்மா. நம்பரையும் பிடிச்சிக்கறேன்." அவன் வாசலுக்குப் போய் வண்டிக் கதவையும் படம் எடுத்தான். பெற்றோர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முன்பக்கப் புல்வெளிக்குப் போனார்கள். யாரோ இருமினார்கள். அன்னம் வேலியோரம் தனியாகக் கிடந்தது.

நான்காவது கேனையும் ஊற்றி முடித்தாள். காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு கடந்தபோது மிர்தா வாசல்படியில் நின்றாள்.

"ஒன்பது வருஷமா உனக்குக் காப்பி போட்டிருக்கேன்" என்றாள். "இனிமே இந்தப் பக்கம் வராத."

"வரல. சாயங்காலம் கம்பெனிக்காரன் வருவான், உள்ள விடு."

மின்கம்பெனி ஆட்கள் ஐந்தரை மணிக்கு வந்தார்கள். மூன்று வீடு தள்ளி, தரையில் இருந்த மின்மாற்றிப் பெட்டிக்குள் ஓர் இணைப்பு துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. அதை மாற்றிவிட்டு, செம்புக் கம்பியைத் திரும்பப் பதிக்கும்வரை குளத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஹெனாரோவிடம் சொன்னார்கள். அடுத்த வாரம் நகராட்சி ஆய்வாளர் வந்து தளத்தைப் பெயர்க்கச் சொன்னார்.

ஹெனாரோ உரிம வாரியத்துக்குப் புகார் எழுதினார். யூரி எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினார். அக்டோபரில் விசாரணை நடந்தது. குளத்துக்கு மருந்து போடுவது பராமரிப்பு உரிமத்துக்குள் அடங்கும் வேலைதான் என்றும், வீட்டுக்காரர் மறுத்த பின்னும் அளவு மீறி ஊற்றியது தவறு என்றும் வாரியம் முடிவு செய்தது. ஒடாலிஸுக்கு அபராதம் விதித்து, நன்னடத்தைக் காலத்தை ஒரு வருடம் நீட்டித்தது. உரிமம் ரத்தாகவில்லை.