முப்பது சிப்பாய்களும் ஒரு பசைக் குப்பியும்

பல்செட் செய்கிறவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. விண்வெளிச் சிப்பாய் பொம்மைகளை, ஒட்டிச் சேர்க்கும் உதிரித் துண்டுகளாக வாங்கி, ஹெல்மெட் தலையை அறுத்தெறிந்துவிட்டு, பழங்காலத் தொப்பித் தலையை மாட்டுவார். நடக்காத சரித்திரத்துக்குப் படை திரட்டுகிறாராம்! ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தச் சண்டையைப் போடுவார்கள். அவர்களிடம் ஒரு கண்டிப்பு: எந்த நாளில் சரித்திரம் வேறு வழியில் போனது என்று துண்டுச்சீட்டில் எழுதி வைக்காத படைக்கு மேசையில் இடமில்லை.

அறுப்பது இவர். தலை ஒட்டுவதும் சீட்டு எழுதுவதும் தம்பி. பசையை அளந்து சொட்டுவதால் அவனுக்குப் பெயரே சொட்டு. நாலு மாதத்துக்கு முன் ஒரு மாலை, பசைக் குப்பியைக் காணோம். "பூராத்தையும் தீர்த்துட்டியாடா? போய் வாங்கிட்டு வா!" என்று இவர் கத்தினார். மழையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவனை லாரி அடித்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்து, பட்டறை ஆணியில் தொங்கிய தன் வெள்ளை அங்கியை எடுத்தார். பையில் முழுக் குப்பி. பல் வேலைக்கென்று எடுத்து வைத்தது அவரேதான். அதை அப்படியே பையில் விட்டுவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மீதி முப்பது சிப்பாய்களுக்கு இப்போது வேறு குப்பி வாங்கி அவரே தலை ஒட்டுகிறார். நேராகத்தான் ஒட்டுகிறார். பசை பத்து நொடியில் இறுகிவிடும். அப்புறம் ரம்பம் வைத்தால்தான் அசையும். காலையில் வந்து பார்த்தால் முப்பதும் அங்கி தொங்கும் ஆணியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அறுத்து நேராக்கினார். மறுநாளும் திரும்பின. மேசையையே திருப்பிப் போட்டார். ம்ஹூம், கழுத்துகள் மறுபடி அந்த ஆணியைத் தேடிப் பிடித்தன.

சனிக்கிழமை தம்பி மனைவி வந்தாள். "அவரு படையை ஒரு தடவ பாத்துட்டுப் போறேன் மாமா." குனிந்து பார்த்தவள், "எல்லாம் ஏன் உங்க அங்கியையே பாக்குது?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"பசையைக் கொஞ்சம் பாத்துச் செலவழிச்சிருந்தா அன்னைக்கு வெளிய போயிருக்க மாட்டார்ல மாமா? செத்தவர் மேல கோவம் கோவமா வருது எனக்கு."

அடப்பாவி, சொட்டுச் சொட்டாகச் செலவழித்தவன் மேலா இந்தப் பழி! அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. துண்டுச்சீட்டை இழுத்தார். எழுதி அவளிடம் நீட்டினார்.

'சரித்திரம் வேறு வழியில் போன நாள்: அந்த மாலை, தம்பியைப் பார்த்துக் கத்துவதற்கு முன், அண்ணன் தன் அங்கிப் பையில் கை விட்டுப் பார்த்தான். குப்பி அங்கேயே இருந்தது.'

அவள் இரண்டு தடவை படித்தாள். எழுந்துபோய் அங்கிப் பையில் கை விட்டாள். முழுக் குப்பியை மேசைமேல் வைத்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

வெகுநேரம் கழித்துத்தான் அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்தது. முப்பது தலைகளும் அவள் போன வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவரை ஒன்றுகூடப் பார்க்கவில்லை.